சிறு தங்கச் சுரங்கங்களும் பாதரசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச் சுரங்கத்தில் பாதரசம் என்று பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். பலரும் பயப்படுவது பளபளவென்று உருண்டோடும் அந்த வெள்ளித் துளியைப் பார்த்துத்தான். ஆனால் அது கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் பயப்படவே ஆரம்பிக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

சிறு தங்கச் சுரங்கம் என்றால் என்ன? பெரிய நிறுவனங்கள் தோண்டுவதும் இதில் சேருமா?

சேராது. குடும்பமாகவோ நாலைந்து பேர் கூட்டாகவோ மண்வெட்டி, சின்ன அரவை ஆலை, தண்ணீர் பம்பு என்று கையில் இருப்பதை வைத்துக்கொண்டு தங்கம் எடுப்பவர்களைத்தான் சொல்கிறோம். ஆற்று மணலை அரிப்பவர்களும் உண்டு, குழி தோண்டிப் பாறையை உடைத்து அரைப்பவர்களும் உண்டு. உலகம் முழுக்க 70க்கும் மேற்பட்ட நாடுகளில் 1 கோடி முதல் 2 கோடிப் பேர் வரை இந்த வேலையில் இருப்பதாக ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடுகள் சொல்கின்றன, அதில் 40, 50 லட்சம் பேர் பெண்களும் குழந்தைகளும். உலகத்தில் தோண்டி எடுக்கப்படும் தங்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவர்கள் கையால் வருகிறது.

தங்கம் எடுக்க எதற்குப் பாதரசம்?

மண்ணில் இருக்கும் தங்கம் கட்டியாக இருக்காது, பெரும்பாலும் மாவு போன்ற துகள்தான். அதைப் பொறுக்கி எடுக்க முடியாது. பாதரசத்துக்கு ஒரு குணம் உண்டு, தங்கத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும், மணலை விட்டுவிடும். ஈர மண்ணில் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால் தங்கத் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வெண்சாம்பல் நிறத்தில் ஒரு ரசக்கலவை கிடைக்கும். துணியில் வைத்துப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் வெளியே வந்துவிடும், உள்ளே தங்கும் உருண்டையில் தங்கமும் பாதரசமும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. பாதரசம் சுமார் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், தங்கம் உருகவே 1,064 டிகிரி வேண்டும். ஆக, உருண்டையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் நிற்கும்.

வேலை அவ்வளவுதான். ஒரே ஆள், அரை நாளில், படிப்போ இயந்திரமோ இல்லாமல் செய்துவிடலாம், அன்றைக்கே விற்றுக் காசாக்கிவிடலாம். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் புரிந்துகொள்ளாமல் "ஏன் இன்னும் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கையளவு பாதரசம்தானே? உலக அளவில் இது ஒரு பொருட்டா?

பொருட்டுதான், அதுவும் முதல் இடத்தில். 2015ஆம் ஆண்டில் மனிதச் செயல்களால் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீடு கணக்கிட்டது. அதில் சுமார் 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்களில் இருந்து வந்தது. நிலக்கரி எரிப்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகிறது. காற்றில் போனது மட்டும்தான் இந்தக் கணக்கு. மண்ணிலும் ஆற்றிலும் கொட்டுவது தனி.

இவ்வளவு வீணாவதற்கு முக்கியக் காரணம், அரைத்த பாறை முழுவதிலும் பாதரசத்தைக் கொட்டிக் கலக்கும் வழக்கம். இந்த முறையில் 1 கிராம் தங்கத்துக்கு 3 கிராமில் இருந்து சில இடங்களில் 50 கிராம் வரை பாதரசம் செலவாகிறது. முதலில் தண்ணீரில் அரித்து, கனமான மண்ணை மட்டும் தனியே பிரித்து, அந்தக் கொஞ்ச மண்ணில் பாதரசம் சேர்த்தால் 1 கிராமுக்குச் சுமார் 1.3 கிராம் போதும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலையில் பாறையோடு சேர்த்து அரைபடும்போது பாதரசம் பொடித்துளியாகச் சிதறி, தங்கத்தையும் எடுத்துக்கொண்டு கழிவு மண்ணோடு போய்விடுகிறது. பாறையில் இருந்த தங்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வராத ஆலைகள் உண்டு. சுரங்கத்தாரிடம் உடம்பு கெட்டுவிடும் என்று சொல்லிப் புரிய வைப்பதைவிட, உங்கள் தங்கம்தான் கழிவில் போகிறது என்று சொல்வது சீக்கிரம் காதில் ஏறும் என்பது என் எண்ணம்.

பாதரசத்தைக் கையால் தொட்டால் விஷமா?

தொடாமல் இருப்பது நல்லது. ஆனால் பெரிய ஆபத்து அங்கே இல்லை. திரவப் பாதரசம் தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் உள்ளே போகும். தப்பித்தவறி விழுங்கினாலும் குடலில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாகவே சேரும். மூச்சில் போவது வேறு கதை: உள்ளிழுத்த பாதரச ஆவியில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும், அங்கிருந்து மூளைக்கும் போகும், கர்ப்பிணியாக இருந்தால் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும்.

இந்த ஆவிக்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. இருமலோ கண் எரிச்சலோ வந்தால் ஆள் தள்ளிப் போவார், இதில் பெரும்பாலும் அப்படி எந்த எச்சரிக்கையும் இருக்காது. கொதிக்க வைத்தால்தான் ஆவி வரும் என்றும் இல்லை, திறந்து வைத்த குப்பியில் இருந்தே, சாதாரண அறை வெப்பத்திலேயே, மெல்ல ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். ஒரு குழந்தை பாதரசத்தைத் தொட்டு விளையாடினால் பதறும் அதே வீட்டில், சமையல் அடுப்பிலேயே ரசக்கலவையைக் காய்ச்சுவார்கள், குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், யாரும் பதற மாட்டார்கள். இதை நினைத்தால்தான் மனது பொறுக்கவில்லை.

சுரங்கத்தில் வேலை செய்யாதவர்களுக்கும் ஆவி வருமா?

வரும். தங்கம் வாங்கும் கடைகளை யாரும் யோசிப்பதில்லை. சுரங்கத்தார் காய்ச்சிக் கொண்டுவரும் தங்கத்தில் இன்னும் சில சதவீதம் பாதரசம் ஒட்டிக்கொண்டிருக்கும், கடைக்காரர் அதை மறுபடி உருக்குவார், அந்த ஆவி கடைவீதியில் இறங்கும். கொலம்பியாவின் செகோவியா போன்ற ஊர்களில் ஆலைகளும் கடைகளும் ஊருக்கு நடுவிலேயே இருந்ததால், சுரங்கத்துக்கே போகாதவர்கள்கூட வீட்டில் உட்கார்ந்தபடி அதைச் சுவாசித்தார்கள். பாதரச ஆவி காற்றில் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சும் இடத்திலும் கடைக்குள்ளும் அது பல மடங்கு தாண்டிவிடும்.

உடம்பில் என்ன செய்யும்?

இரண்டு விதம். மூடிய அறையில் ஒரே நேரத்தில் நிறைய ஆவி உள்ளே போனால் சில மணி நேரத்தில் இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல் எல்லாம் வரும், நுரையீரல் பழுதாகி ஆள் இறந்தும் போகலாம்.

கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் போவதுதான் அதிகம். கை நடுக்கம் முதலில் தெரியும், பொத்தான் போட முடியாது, கையெழுத்து கோணலாகும். தூக்கம் வராது, காரணமில்லாமல் கோபம் வரும், கூச்சப்பட்டு ஆட்களை விட்டு ஒதுங்குவார், நேற்றுச் சொன்னது இன்றைக்கு மறந்துபோகும். ஈறு வீங்கும், வாயில் உலோகச் சுவை இருக்கும், நடை தள்ளாடும், சிறுநீரகம் பழுதாகும். இதில் கொடுமை என்னவென்றால், களைப்பு, தலைவலி, நடுக்கம் என்று சொன்னால் சுரங்கப் பகுதிகளில் மலேரியா என்றோ குடிப்பழக்கம் என்றோ எளிதாக முடிவு கட்டிவிடுவார்கள். "வேலை என்ன செய்கிறீர்கள், பாதரசம் காய்ச்சுகிறீர்களா, எங்கே வைத்துக் காய்ச்சுகிறீர்கள்" என்று மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான் இருப்பது ஆற்றின் கீழ்ப்பகுதி, சுரங்கம் வெகு தொலைவில். எனக்கு என்ன?

நீங்கள் சாப்பிடும் மீன்.

ஆற்றில் விழும் பாதரசம் அப்படியே இருப்பதில்லை. சேற்றில், ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். இது பாசியில் ஏறும், பாசியைத் தின்னும் புழுவில் ஏறும், புழுவைத் தின்னும் சின்ன மீனில், அதைத் தின்னும் பெரிய மீனில் என்று ஒவ்வொரு படியிலும் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். தண்ணீரைச் சோதித்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும், அதே தண்ணீரில் வளர்ந்த பெரிய மீனின் சதையில் அதைவிட லட்சக்கணக்கான மடங்கு இருக்கும். குடிநீர் சுத்தம் என்று சான்றிதழ் வாங்கிவிட்டோம், பிரச்சினை முடிந்தது என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். மெத்தில் பாதரசம் உணவோடு போனால் குடலில் சுமார் 95 சதவீதம் சேர்ந்துவிடும்.

அமேசான் காட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பெரு நாட்டின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் மக்கள் உடம்பில் பாதரசம் மிக அதிகமாக இருந்ததால் 2016 மே மாதம் அரசே 60 நாள் நெருக்கடி நிலை அறிவித்தது. பிரேசிலில் யானோமாமி பழங்குடியினரின் நிலத்துக்குள் ஆயிரக்கணக்கான சட்டவிரோதச் சுரங்கத்தார் புகுந்ததில், பாதரசமும் மலேரியாவும் பசியும் சேர்ந்து தாக்கி, 2023 ஜனவரியில் அங்கேயும் மருத்துவ நெருக்கடி அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்தப் பழங்குடியினரில் பெரும்பாலோர் தங்கம் எடுப்பவர்கள் இல்லை. ஆனால் மீன் அவர்களின் முக்கியமான உணவுகளில் ஒன்று.

மீனை நன்றாகக் கழுவி, தோலை நீக்கி, வேகவைத்தால் போய்விடாதா?

போகாது. மெத்தில் பாதரசம் மீனின் சதைப் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. கொழுப்பை நீக்கினாலும், வறுத்தாலும், உப்புப் போட்டுக் காயவைத்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

அப்படியானால் மீனே சாப்பிடக் கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். வேறு புரதம் கிடைக்காத ஊரில் மீனை நிறுத்து என்பது பட்டினி கிட என்பதற்குச் சமம். எந்த மீன் என்பதை மாற்றுங்கள். மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும் பெரிய, வயதான மீனில்தான் அதிகம் இருக்கும்; இலை, பழம், பாசி தின்னும் மீனிலும் சின்ன மீனிலும் குறைவு. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சிறு குழந்தைகளும் அந்தப் பெரிய மீன்களைத் தவிர்த்தாலே பெரிய வித்தியாசம் வரும்.

குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு ஆபத்து என்கிறார்கள்?

வயிற்றுக்குள் இருக்கும்போதே மூளை உருவாகிக்கொண்டிருக்கிறது, மெத்தில் பாதரசம் நேராக அங்கேதான் கை வைக்கிறது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் நடந்ததே இதற்குச் சாட்சி. ஒரு ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை மெத்தில் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது, 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது, பின்னர் 2,000க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாக அங்கீகரிக்கப்பட்டார்கள். தாய்க்குப் பெரிதாக எந்த அறிகுறியும் இல்லாமல், பிறந்த குழந்தை மட்டும் கை கால் விளங்காமல், பேச்சு வராமல் இருந்த குடும்பங்கள் அங்கே உண்டு. தாயின் உடம்பில் இருந்தது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருந்தது.

அங்கே நடந்தது மிகப் பெரிய அளவு. சுரங்கப் பகுதிகளில் அந்த அளவு ஏறாவிட்டாலும் நினைவாற்றல், கவனம், பேச்சு, கை வேகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, பள்ளிக்கூடத்தில் "மந்தம்" என்று ஒரு பெயர் வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தை வளர்கிறது. காரணம் என்ன என்று யாரும் தேடுவதில்லை.

தாய்ப்பாலை நிறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலான சமயங்களில் தாய்ப்பாலின் நன்மையே அதிகம். ஆவியையும் பெரிய மீனையும் விட்டு விலகுங்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

உடம்பில் பாதரசம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மருந்து உண்டா?

ஆவி மூலமாக வந்ததைச் சிறுநீரில் பார்ப்பார்கள், மீன் மூலமாக வந்ததை ரத்தத்திலும் தலைமுடியிலும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும் என்பதால், வேரில் இருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதை வைத்து எந்த மாதம் எவ்வளவு போனது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

மருந்து விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். பாதரசத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு, ஆவியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பில் கொடுப்பார்கள். ஆனால் மெத்தில் பாதரசம் மூளையில் செய்த சேதத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. முதல் சிகிச்சை, உள்ளே போவதை நிறுத்துவதுதான். நிறுத்திவிட்டால் உடம்பில் இருப்பது சுமார் 50 முதல் 70 நாளில் பாதியாகக் குறையும், அப்புறம் அதில் பாதி என்று இறங்கிக்கொண்டே போகும். பால் குடித்தால் ஆவி முறிந்துவிடும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. முகத்தில் துணி கட்டினாலும் பயனில்லை, ஆவி துணியைத் தாண்டிவிடும்.

பாதரசத்தைத் தடை செய்துவிட்டால் முடிந்தது அல்லவா?

முடியவில்லை என்பதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறோம். பிலிப்பைன்ஸ் 2012இல் சிறு சுரங்கங்களில் பாதரசத்தைத் தடை செய்தது, கொலம்பியா 2013இல் சட்டம் போட்டு 2018 முதல் சுரங்கத்தில் நிறுத்தச் சொன்னது. இரண்டு நாட்டிலும் பாதரசம் கடத்தலாக வந்துகொண்டேதான் இருந்தது. தடை வந்ததும் ஊர் நடுவில் இருந்த வேலை காட்டுக்குள் போகும், கண்காணிக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

மங்கோலியா கொஞ்சம் வேறு மாதிரி. அங்கேயும் 2008இல் தடை போட்டார்கள், ஆனால் அதோடு நிற்கவில்லை. முதுகில் பச்சைத் தட்டைக் கட்டிக்கொண்டு, கார்ட்டூனில் வரும் நிஞ்சா ஆமைகளைப் போல அலைவதால் "நிஞ்சா" என்று பெயர் வாங்கிய அந்தச் சுரங்கத்தாரைப் பதிவு செய்து, சட்டப்படி வேலை செய்ய வழி திறந்து, பாதரசம் இல்லாமல் தங்கம் பிரிக்கும் ஆலைகளையும் அமைத்தார்கள். என் பார்வையில் வழி இதுதான். திருடனைப் போல ஓடிக்கொண்டிருப்பவர் நல்ல கருவியில் காசு போட மாட்டார், நாளைக்கு அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரியும்போது யார்தான் போடுவார்கள்?

உலக ஒப்பந்தம் ஏதோ இருக்கிறதே?

மினமாட்டா ஒப்பந்தம். 2013 அக்டோபரில் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. சிறு தங்கச் சுரங்கம் அதிகம் உள்ள நாடுகள் ஒரு தேசியச் செயல்திட்டம் போட வேண்டும், நான்கு மோசமான வழக்கங்களை ஒழிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்: அரைத்த பாறை முழுவதிலும் பாதரசம் கலப்பது, ரசக்கலவையைத் திறந்த வெளியில் எரிப்பது, குடியிருப்புப் பகுதியில் எரிப்பது, பாதரசம் கலந்த கழிவில் அதை நீக்காமலே, மிச்சத் தங்கத்தைக் கரைத்தெடுக்கச் சயனைடு ஊற்றுவது. கடைசியானது ஏன் என்றால், சயனைடு பாதரசத்தைக் கரைத்துத் தண்ணீரில் வெகுதூரம் போக வைத்துவிடும்.

குறையும் இருக்கிறது. சிறு சுரங்கத்தில் பாதரசம் பயன்படுத்துவதை ஒப்பந்தம் முழுதாகத் தடுக்கவில்லை, அதற்கான வணிகத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் பல ஆறுகளுக்குப் பாதரசம் வந்து சேருகிறது.

பாதரசமே இல்லாமல் தங்கம் பிரிக்க முடியாதா?

பல இடங்களில் முடியும். பிலிப்பைன்ஸின் பெங்கேட் மலைப்பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெங்காரம் வைத்துச் செய்கிறார்கள், போராக்ஸ் என்று சொல்வார்களே, அதுதான். தண்ணீரில் நன்றாக அரித்துக் கனமான மண்ணை மட்டும் சேர்த்து, அதில் வெங்காரத்தைக் கலந்து சூடாக்கினால், மற்றத் தாதுக்கள் சீக்கிரம் உருகிக் கசடாக மேலே மிதக்கும், தங்கம் அடியில் இறங்கிவிடும். அதிகத் தங்கமும் கிடைக்கிறது, சுத்தமாகவும் கிடைக்கிறது. ஆனால் அரிப்பதில் கைப்பழக்கம் வேண்டும், பொறுமை வேண்டும், எல்லா வகைப் பாறைக்கும் ஒத்துவராது. ஆடும் மேசை, சுழல் இயந்திரம் போன்றவை இன்னும் நன்றாகப் பிரிக்கும், ஆனால் தனி ஆளால் வாங்க முடியாது, கூட்டாகத்தான் முடியும்.

உடனே விட முடியாது. அதுவரை குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், வீட்டுக்குள் காய்ச்சுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். சமையல் பாத்திரத்தில் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, ரிட்டார்ட் என்ற மூடிய பாத்திரம். ரசக்கலவையை அதில் வைத்துச் சூடாக்கினால் ஆவி ஒரு குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து மறுபடி திரவமாக விழும், சரியாகப் பயன்படுத்தினால் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கும், பாதரசம் வாங்கும் காசும் மிச்சம். இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் ஆழமாக விடாதீர்கள், அடுப்பு ஆறும்போது தண்ணீரை உள்ளே இழுத்துப் பாத்திரம் வெடித்துவிடும். நன்றாக ஆறுவதற்கு முன் மூடியைத் திறக்காதீர்கள், ஆவி முகத்தில் அடிக்கும். எல்லாமே திறந்த வெளியில், வீட்டை விட்டுத் தள்ளி, காற்று வரும் பக்கமாக நின்று.

பாதரசக் குப்பியை இறுக மூடி, பாதரசத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள், ஆவியாவது குறையும். வேலை உடையை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள், குழந்தையைத் தூக்கும் முன் குளித்துவிடுங்கள். கழிவு மண்ணை ஆற்றிலோ நீர் தேங்கும் வயலிலோ கொட்டாதீர்கள்.

நான் வாங்கும் நகையில் பாதரசம் இருக்குமா?

இருக்காது, சுத்திகரிக்கும்போது ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்குவதால் மிச்சம் மீதி போய்விடும். அணிபவருக்கு ஆபத்தில்லை. ஆனால் உருக்கிச் சேர்த்துவிட்டால் எந்த ஆற்றில் இருந்து வந்த தங்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் விற்பவரிடம் கேளுங்கள். சிறு சுரங்கத் தங்கத்துக்கு ஃபேர்மைன்ட் என்றொரு சான்று இருக்கிறது, அதிலேயே ரசாயனம் இல்லாமல் எடுத்த தங்கத்துக்குத் தனிப் பிரிவும் கூடுதல் விலையும் உண்டு. அந்தக் கூடுதல் காசு சுரங்கத்தாருக்குப் போய்ச் சேருகிறது என்பதால் எனக்கு அதில் மரியாதை உண்டு.

வீட்டில் பாதரசம் கொட்டிவிட்டது, என்ன செய்ய?

குழந்தைகளையும் விலங்குகளையும் வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், துளி இன்னும் பொடியாகச் சிதறும். தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைக்கவே கூடாது, அது ஆவியாக்கி அறை முழுக்க ஊதிவிடும். கையில் மோதிரமோ வளையலோ இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள், தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள குப்பியில் விடுங்கள். இடுக்கில் போன பொடித்துளியை ஒட்டும் நாடாவால் எடுக்கலாம், இருட்டாக்கி டார்ச்சைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் மின்னும், கண்ணுக்குத் தெரியும். கழிவறையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள், குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்கும்வரை குப்பி வீட்டுக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.